சூப்பர் மார்க்கெட் செடிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பிழைக்க வைப்பது எப்படி? பாலக்காட்டு எல்லைப் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரண்டு மாநிலக் கடைகளும் கைக்கெட்டும் தூரம். கிழக்கே கோவை, பொள்ளாச்சி. மேற்கே பாலக்காடு, கொஞ்சம் தாண்டினால் திருச்சூர். இந்த ஊர்களின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது காய்கறிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செடிகளுக்கு ஓர் ஓரம் ஒதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். மாதச் சாமான் வாங்கப் போன இடத்தில் ஒரு செடியையும் தூக்கிக்கொண்டு வருவோம். வந்த செடி மூன்று வாரத்தில் காய்ந்தால், "கடைச் செடி அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுவோம்.

அது சரியில்லை. கடைச் செடியில் நல்லது உண்டு, நர்சரி விலையில் பாதிக்கே அமைவதும் உண்டு. நாம் பார்க்கும் இடம்தான் தப்பு. பூவையும் இலைப் பளபளப்பையும் பார்த்து எடுக்கிறோம். விலை குறைத்த செடியில் காசு கொடுக்க வேண்டியது வேருக்கும் குருத்துக்கும் மட்டுமே. அவை இரண்டும் உயிரோடு இருந்தால் மீதி எல்லாம் தானாக வரும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது.

எந்த நாள், எந்த மாதம்

கடைக்கு வரும் அலங்காரச் செடிகள் பெரும்பாலும் பசுமைக்குடிலில் வளர்ந்தவை. புனே பக்கத்திலிருந்தும், கோதாவரிக் கரையில் கடியம் நர்சரிகளிலிருந்தும் லாரியில் வருபவை நிறைய. குடிலில் ஈரக்காற்றும் நிழல்வலையும் இருந்தன. லாரியில் இருட்டு. கடையில் ஏசி, ட்யூப் லைட். இப்படி ஒவ்வோர் இடமாகச் செடி தன் சேமிப்பைக் கரைத்துக்கொண்டே வருகிறது. ஆகவே செடி அழகாக இருக்கிறதா என்பதைவிட, கடைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதே முதல் கேள்வி.

கேட்டுவிடுங்கள். "சேட்டா, செடி லோடு என்னைக்கு வரும்?" என்று தமிழில் கேட்டாலே பாலக்காட்டுக் கடையில் புரியும். லோடு வந்த நாள் காலையில் போனால் முழு விலை, ஆனால் பொறுக்கி எடுக்கலாம். அடுத்த லோடு வருவதற்கு முதல் நாள் போனால் பழைய சரக்கைத் தள்ளிவிடும் அவசரம் இருக்கும். விலையைக் குறைப்பது பில் போடுபவர் கையில் இல்லை, பிரிவைக் கவனிப்பவரிடம் பேச வேண்டும். "பூ உதிர்ந்துடுச்சு, இதுக்கு ஆஃபர் ஸ்டிக்கர் போட முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முடியாது என்றால் ஒரு நஷ்டமும் இல்லை.

பண்டிகை முடிந்த வாரத்தை விடாதீர்கள். ஓணத்துக்குச் செவ்வந்தித் தொட்டிகள் குவியும், கிறிஸ்துமஸுக்குப் பாய்ன்செட்டியா, பிப்ரவரி நடுவில் குட்டி ரோஜா. பண்டிகை கழிந்த மறுவாரம் இவற்றை யாரும் தேட மாட்டார்கள், விலை இறங்கிவிடும்.

மாதக் கணக்கில் நம் பக்கத்துக்கென்று ஒரு தனி விதி இருக்கிறது. மார்ச் முதல் மே வரை பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும். ஏசியிலிருந்து எடுத்து வரும் மெல்லிலைச் செடி எதையும் அந்த மூன்று மாதம் வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அடீனியம், கள்ளி வகைகள், மருள் என்னும் ஸ்நேக் பிளான்ட் ஆகியவை விதிவிலக்கு. நல்ல காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. நவம்பரில் கணவாய்க் காற்று தொடங்கும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பது

பாதி வேலை இதுதான். தள்ளுபடி அலமாரியில் ஒரு பீஸ் லில்லி தலை தொங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலை மொத்தமும் தொட்டி விளிம்பைத் தாண்டிச் சரிந்திருக்கிறது. பார்த்தவுடன் செத்த செடி என்றுதான் தோன்றும். தொட்டியைத் தூக்குங்கள். காற்றுப்போல் லேசாக இருந்தால் அது வெறும் தாகம். அந்தத் தொட்டிகளில் இருப்பது கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். அது காய்ந்தால் எடையே இருக்காது. அந்தச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியோடு இறக்கி வைத்தால் அன்று மாலைக்குள் இலைகள் நிமிரும்.

அதே செடி தொங்கிக் கிடந்து, தொட்டி கனமாக, ஈரமாக இருந்தால் கதை வேறு. தண்ணீர் இருந்தும் குடிக்க வேர் இல்லை, அழுகிவிட்டது. அதை அங்கேயே வைத்துவிடுங்கள். வாடிய செடி லேசான தொட்டியில் இருந்தால் வாங்கலாம், கனத்த தொட்டியில் இருந்தால் கூடாது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே தள்ளுபடிச் செடியில் போகும் காசு பெருமளவு மிஞ்சும்.

அடுத்து, தொட்டியைக் கவிழ்க்காமல் சாய்த்து அடித்துளைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ வேர்நுனி எட்டிப் பார்த்தால் நல்லது. பழுப்பாக, கூழாக இருந்தால் வேண்டாம். கடை ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செடியின் அடியை இரு விரலுக்கு நடுவே பிடித்து மண்ணோடு மெல்லத் தூக்கிப் பார்க்கலாம். ஒரு வேரை லேசாக உருவுங்கள். தோல் கழன்று நடுவில் நரம்பு மட்டும் நூலாக மிஞ்சினால் அழுகல் நிச்சயம். வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம், அந்தச் செடிக்கு இடம் பற்றவில்லை, அவ்வளவுதான். பார்த்தபின் மண் சிந்தாமல் திருப்பி வையுங்கள். அடுத்தவர் வாங்கப் போகும் செடி அது.

பிறகு குருத்து. செடியின் நடுவில் புது இலை சுருண்டு வருகிறதா பாருங்கள். வெளி இலை எல்லாம் மஞ்சளாக இருந்தாலும் நடுக்குருத்து பச்சையாக, கெட்டியாக இருந்தால் வாங்கலாம். குருத்தின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தும்போது மெத்தென்று உள்ளே போனாலோ, புளித்த வாடை வந்தாலோ வேண்டாம்.

கடைசியாக இலையின் அடிப்பக்கம். மேல்பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லை. பஞ்சுபோல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி, மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப் பூச்சி, நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும் பழுப்புப் பொட்டு செதில் பூச்சி. இவை இருந்தால் எவ்வளவு குறைந்த விலையானாலும் எடுக்காதீர்கள். தொட்டியை ஒரு தட்டு தட்டும்போது மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் எழும்பினால் அது அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றப்பட்ட தொட்டி.

எத்தனை தலை என்று எண்ணுங்கள்

பச்சையாகப் புதர்போல் தெரியவேண்டும் என்பதற்காக ஒரே தொட்டியில் மூன்று நான்கு நாற்றுகளைச் சேர்த்து வைப்பது குடில்காரர்கள் வழக்கம். நமக்கு அது லாபம். பீஸ் லில்லி, அக்லோனிமா, சிங்கோனியம், ஸ்பைடர் பிளான்ட், ஜீ ஜீ பிளான்ட் இவற்றை எடுக்கும்போது மண்மட்டத்தில் எத்தனை தனித்தனித் தண்டு எழும்புகிறது என்று எண்ணுங்கள். ஒரே விலையில் ஒன்றில் இரண்டு தலை, பக்கத்துத் தொட்டியில் ஐந்து தலை இருக்கும். உயரத்தில் மயங்காமல் தலை அதிகமுள்ளதை எடுங்கள். வீட்டில் பிரித்து வைத்தால் ஐந்து செடி.

ஜீ ஜீ செடிக்கு மண்ணுக்கடியில் உருளைக்கிழங்குபோல் கிழங்கு உண்டு. தொட்டி பிளாஸ்டிக் என்றால் வெளியிலிருந்தே அமுக்கிப் பாருங்கள். கிழங்கு முட்டித் தொட்டி ஒரு பக்கம் புடைத்திருந்தால் அதைவிட நல்ல செடி அலமாரியில் இல்லை.

எதை நம்பி வாங்கலாம், எதில் கை வைக்க வேண்டாம்

பூ முடிந்த கலஞ்சோ நல்ல பேரம். வாடிய பூத்தண்டை அடியோடு வெட்டிவிட்டுத் தண்டுகளை நான்கு விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து மணல் கலந்த மண்ணில் குத்தினால் எல்லாமே பிடிக்கும். செவ்வந்தியும் நல்ல பேரம்தான், அடியில் பக்கக்கன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த இரண்டையும் பாய்ன்செட்டியாவையும் குள்ளமாக வைக்க பேக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்து கொடுப்பது உண்டு. அதன் வேகம் தீர்ந்தபின் செடி தன் இயல்புக்கு உயரும். கடையில் சாண் உயரம் இருந்த பாய்ன்செட்டியா தரையில் வைத்தால் ஆள் உயரப் புதராகும். இவை மூன்றும் இரவு நீண்டால்தான் பூக்கும். ஆகவே செப்டம்பருக்குப் பிறகு தெருவிளக்கு வெளிச்சம் படாத இடத்தில் இருக்கட்டும்.

பூ உதிர்ந்த ஆர்க்கிட் மலிவாகக் கிடைத்தால் மனம் இழுக்கும். பெலனாப்சிஸ் என்னும் அகல இலை ஆர்க்கிடின் வேர் கண்ணாடித் தொட்டியில் வெளியே தெரியும். நனைந்திருக்கும்போது பச்சை, காய்ந்தால் வெள்ளிச் சாம்பல், இரண்டுமே ஆரோக்கியம். பூத்தண்டு இன்னும் பச்சையாக இருந்தால் கீழிருந்து இரண்டாம் மூன்றாம் கணுவுக்கு மேலே வெட்டிவிட்டால் அதே தண்டிலிருந்து மறுபடி பூக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் வறண்ட காற்று அதற்கு ஆகாது. கிணற்றடி நிழலோ, குளியலறை ஜன்னலோ இருப்பவர்கள் மட்டும் வாங்குங்கள். மற்றவர்களுக்கு டெண்ட்ரோபியம் என்னும் ஆர்க்கிட் வகைதான் தாங்கும்.

தலையில் சிவப்பு, மஞ்சள் உருண்டை வைத்த குட்டிக் கள்ளியைப் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த உருண்டைக்குப் பச்சையம் கிடையாது, அடியிலுள்ள பச்சைக் கள்ளியில் ஒட்டுக்கட்டி அதன் சாப்பாட்டில் பிழைக்கிறது. சில ஆண்டுகள்தான் இருக்கும், தெரிந்தே வாங்கலாம். சாதாரணக் கள்ளியின் தலையில் பசை போட்டு ஒட்டிய காய்ந்த பூவோ, மேலே பூசிய பெயின்டோ இருந்தால் வாங்காதீர்கள். பெயின்ட் பூசிய தோல் வெளிச்சத்தை வாங்க முடியாமல் செடி மெலியும்.

மா, பலா, எலுமிச்சை, தென்னை, குறுமிளகு இவற்றை எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அலங்காரச் செடி தவறினால் ஒரு மாதத்தில் தெரியும். பழமரம் தவறினால் தெரிய நான்கைந்து வருஷம் ஆகும், அதற்குள் இடமும் தண்ணீரும் போய்விடும். இதற்குத் திருச்சூர் மண்ணுத்தியிலும் வெள்ளானிக்கரையிலும் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக விற்பனை மையங்கள், நம் பக்கம் ஆழியார் நகர்த் தென்னை ஆராய்ச்சி நிலையம், கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கின்றன.

காய்கறிப் பிரிவும் ஒரு நர்சரிதான்

செடி ஓரத்தைவிட மலிவான செடிகள் காய்கறிக் கூடையில் கிடக்கின்றன. புதினாக் கட்டில் தண்டு தடித்து, கணுவில் வெள்ளை வேர்முளை தெரியும் குச்சிகளைப் பொறுக்கி எடுத்துத் தண்ணீரில் வையுங்கள், ஒரு வாரத்தில் வேர் விடும். கொடிப்பசலை, பொன்னாங்கண்ணித் தண்டுகளைக் கீரை ஆய்ந்த கையோடு மண்ணில் குத்தலாம். எலுமிச்சம்புல் தண்டில் அடிக்குமிழ் வெட்டுப்படாமல் இருக்கிறதா பாருங்கள். அடியை முழுக்க வெட்டியிருந்தால் வேர் வராது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பாதி தண்ணீரில் நிற்க வைத்தால் கொடி எழும்பும், கொடியை வெட்டித்தான் நட வேண்டும்.

இஞ்சி, மஞ்சளில் முளை புடைத்த துண்டாகப் பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் நடலாம். ஆனால் கடை இஞ்சியைத் தோட்டத்து மண்ணில் நேராக நடாதீர்கள். அழுகல் நோயும் வாடல் நோயும் கிழங்கோடு வரும், மண்ணில் ஒருமுறை இறங்கினால் வருஷக்கணக்கில் போகாது. குரோ பேக்கில் வைத்து அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விதைப் பாக்கெட்டில் விலைக்கு முன் தேதியைப் பாருங்கள். வெங்காய விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழக்கும். தேதி நெருங்கியதால் பாதி விலை என்றால் தக்காளி, கத்தரி எடுக்கலாம், வெங்காயம் வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

வாளையார் வழியாகப் பைக்கில் செடி கொண்டுவருபவர்கள், செடி முழுவதையும் பழைய வேட்டியிலோ செய்தித்தாளிலோ சுற்றுங்கள். அரைமணி நேர எதிர்காற்று இலையை உறிஞ்சிவிடும். காரில் என்றால் செடியைக் கடைசியாக வாங்குங்கள். ஜன்னலை ஏற்றிப் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பும்போது இலை வெந்திருக்கும்.

மூன்று வாரம் தனியே

இதை யாரும் செய்வதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நம்மைச் சுற்றிலும் தென்னந்தோப்பு. தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016இல் இந்தியாவிலேயே முதலில் காணப்பட்டது பொள்ளாச்சிப் பக்கத்தில்தான், கையோடு பாலக்காட்டுக்கும் பரவியது. ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை மெழுகுச் சுருளில் முட்டையிடும். அது சுரக்கும் இனிப்புத் திரவத்தில் கரும்பூசணம் படர்ந்து தோப்பே கறுத்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். இந்த ஈ தென்னையோடு நிற்பதில்லை. வாழை, கொய்யா, கல்வாழை, அலங்காரப் பனை வகைகளிலும் தங்கும். அதற்கு முன்பு 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் தின்றது. 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. நாம் வாங்கும் ஒரு குட்டித் தொட்டியின் இலையடியில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது பக்கத்துத் தோப்புக்காரருக்கும் சேர்ந்த விஷயம்.

ஆகவே புதுச் செடியை மற்றச் செடிகளிலிருந்து பத்தடியாவது தள்ளி மூன்று வாரம் வையுங்கள். பூச்சி முட்டை பொரிந்து கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும், முதல் நாள் சுத்தமாக இருப்பதை நம்ப முடியாது. வந்த அன்றே இலையின் இரு பக்கத்தையும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மறுநாள் மாலை, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலக்கி இலையடியில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒருமுறை இப்படி மூன்று முறை. இடையில் ஓரிரண்டு மாவுப்பூச்சி தெரிந்தால் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தெடுங்கள். மெழுகுச் சுருள் தெரிந்தால் அந்த இலையை வெட்டி எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போடக் கூடாது.

தொட்டி மாற்றுவது

வந்த அன்றே மாற்றாதீர்கள். செடி பயணக் களைப்பில் இருக்கும். பத்துப் பதினைந்து நாளில் புதுக் குருத்து அசைந்தபின் மாற்றுங்கள். அழுகல் சந்தேகம் இருந்தால் மட்டும் உடனே.

கோகோபீட்டிலேயே நீண்டகாலம் விடவும் கூடாது. ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் அது சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகிவிடும். பிறகு ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே ஓடி அடியில் கொட்டும், நடுவேர் உலர்ந்தே கிடக்கும். நாம் தினமும் ஊற்றுகிறோம், செடி தினமும் வாடுகிறது என்றால் காரணம் இதுதான். வாளியில் இருபது நிமிடம் முக்கி வைத்துவிட்டுத்தான் செடியை வெளியே எடுக்க வேண்டும்.

எடுத்தவுடன் வேர்க்கட்டின் நடுவை விரலால் துழாவுங்கள். திசு வளர்ப்பு நாற்றுகளுக்கு அடியில் ஒரு சிறு துணிக்கூடோ பஞ்சு உருளையோ இருக்கும். அது மக்காமல் வேரை இறுக்கிக்கொண்டே இருக்கும், கத்தரியால் ஓரிடத்தில் வெட்டி உரித்து எடுங்கள். பீஸ் லில்லி, ஆந்தூரியத்தில் அவசியம் பாருங்கள்.

மண்ணுக்கு, செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கத்துக் கரிசல் மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். நனைந்தால் சேறாகிறது, காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கிறது. புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரம் கோத்து அழுகலுக்கு வழி செய்யும்.

வெயில், காற்று, தண்ணீர்

முதல் வாரம் வெளிச்சமுள்ள நிழல். இரண்டாம் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம். பிறகு வாரத்துக்கு ஒரு மணி கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் செடி என்று எழுதியிருக்கும் ரோஜாவுக்கும் இதே கணக்குதான், அதுவும் குடிலிலும் கடையிலும் இருந்து வந்தது.

பொதுவாகக் கிழக்குத் திண்ணையே செடிக்கு நல்ல இடம் என்பார்கள். நமக்கு அது பாதி வருஷத்துக்குத்தான் பொருந்தும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இரவும் பகலும் வீசும். அந்த மாதங்களில் செடி வீட்டுக்கு மேற்கே இருக்கட்டும். ஜூன், ஜூலையில் காற்று திசை மாறி மேற்கிலிருந்து வரும்போது கிழக்கே கொண்டுவாருங்கள். இலை ஓரம் தாள்போல் காய்ந்து சுருண்டால் உரக்குறைவு என்று நினைத்து உரம் போடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

தண்ணீரிலும் ஒன்று கவனிக்க வேண்டும். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா வகைகளுக்கு ஃபுளோரைடு ஆகாது, இலைநுனி பழுப்பாகிக் கருகும். லக்கி பாம்பூ என்று விற்பது மூங்கில் அல்ல, அதுவும் டிரசீனாதான். தண்ணீரிலேயே நிற்பதால் அதற்குப் பாதிப்பு இரட்டிப்பு. இவற்றுக்கு மட்டும் மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

வீட்டில் ஆடோ, குழந்தையோ இருந்தால் அடீனியம், பாய்ன்செட்டியா, டிஃபன்பேக்கியா மூன்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள். அடீனியம் அரளிக் குடும்பம், அதன் பால் விஷம்.

உரமும் பதியனும்

தொட்டி மாற்றி ஒரு மாதம் வரை எந்த உரமும் வேண்டாம். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துத் தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினால் போதும். மருளுக்கும் கள்ளிக்கும் அதுவும் தேவையில்லை.

பிழைத்த செடியிலிருந்து கன்று எடுக்க நம் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. ஜூன் 22 வாக்கில் தொடங்கி இரண்டு வாரம் நீளும் திருவாதிரை ஞாற்றுவேலையில் (சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் நிற்கும் நாட்கள்) எந்தக் குச்சியை நட்டாலும் பிடிக்கும் என்பது மலையாளிகள் நம்பிக்கை. விட்டு விட்டு மழை, மூடிய வானம், காற்றில் ஈரம் என்று வேர் பிடிக்க வேண்டிய எல்லாம் அந்த நாட்களில் இருக்கின்றன. மே மாதமே நுனி கிள்ளிப் பக்கக்கிளை வளர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாய்ன்செட்டியா, ரோஜா, செவ்வந்தி, சிங்கோனியம் எல்லாவற்றிலும் பென்சில் தடிமன் அல்லது அதற்குக் குறைந்த குச்சியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுங்கள். பாய்ன்செட்டியாவின் பால் நிற்கும் வரை தண்ணீரில் நனைத்து எடுங்கள், பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே இருக்கும்படி நட்டு, கூரை நீர் சொட்டாத இறவாரத்து நிழலில் வையுங்கள். ஆடி முடிவதற்குள் குச்சியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் தனித் தொட்டிக்கு மாற்றலாம்.